எழுபத்திரண்டும் நூற்றுப் பதினெட்டும்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அடுப்படி சிங்க் அடைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் வயிரவன் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்த்துவிட்டு, ஆள் வரச் சொல்கிறேன் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். இவர் ஆள் வரச் சொல்வதற்குள் அதில் மீன் வளர்க்கலாம். பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் பல்கலைக்கு ஓடினேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனால் எங்கள் ஆய்வகத் தலைவர் ஹெப்சிபா மேடம் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தை மட்டும் பார்ப்பார்.

இன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரையில் நான் போட்ட புரதப் படம் இருந்தது. மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தில் அதைத்தான் முதல் படமாக வைத்திருக்கிறார். "உமையாள் பண்ணினது. இவ்வளவு சுத்தமா யாரும் காட்டினது இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். அடக்கமாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரிந்தது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம், யார் யாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற வேலை என்பேன். இதைச் சம்பளம் இல்லாமலே ஊரில் பாதிப் பேர் பார்க்கிறார்கள் என்பார் வயிரவன். ஆனால் உண்மையில் அதுதான் வேலை. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சங்கிலி. அது மடங்கிச் சுருண்டு ஒரு உருவத்துக்கு வரும்போது, சங்கிலியில் தூரமாக இருந்தவை அருகருகே வந்துவிடும். புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரை விட்டு, எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து உலகத்துக்கே பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். நான் அந்தக் கோப்பை எடுத்து, எந்த அமிலம் எந்த அமிலத்தைத் தொடுகிறது என்று கணக்கிடுகிறேன். இரண்டு அணுக்களுக்கு நடுவே நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் தூரம் இருந்தால் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்.

எங்கள் புரதம் வயல் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவுடையது. இரண்டு மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும். கோப்பில் ஏ, பி என்று இரண்டு இருக்கின்றன. ஏ-யின் எழுபத்திரண்டாவது இடத்தில் உள்ள ஆர்ஜினைனும் பி-யின் நூற்றுப் பதினெட்டாவது இடத்தில் உள்ள குளுட்டமேட்டும் கைகோத்து நிற்கின்றன. ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். ஜோடியைப் பிடித்து வைத்திருப்பது இதுதான், எழுபத்திரண்டை மாற்றினால் ஜோடி பிரிந்துவிடும் என்று நான் சொன்னேன். அதைச் செய்து காட்டுவது இருளப்பன் வேலை.

இருளப்பன் எங்கள் ஆராய்ச்சி மாணவன். நாலு மாதமாக எழுபத்திரண்டை மாற்றிப் புரதம் செய்கிறான். ஜோடி பிரிய மாட்டேன் என்கிறது. இன்றும் அதையேதான் சொன்னான். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பாவமாக இருந்தது. ஆனால் கணக்கு சரி, படம் சரி. கோளாறு கையில்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

ஆள் வரவில்லை. பாத்திரம் கொல்லைக் குழாயில்.

ஜூன் 17, செவ்வாய்

சிங்க் சரியாகிவிட்டது. ஆளைக் கூட்டிவந்தது நான்.

எங்கள் ஆய்வகத்தில் கைராசி என்று ஒன்று உண்டு. எல்லோரும் அறிவியல் படித்தவர்கள். யாரிடம் கேட்டாலும் அப்படி ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் புதுப் புரதம் வந்தால் முதல் தட்டில் படிகம் வைக்கக் கைராசிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வருடத் தொடக்கம் வரை அது இருளப்பன்தான். கமுதிப் பக்கத்திலிருந்து வந்தவன். பெரிய கை, தடித்த விரல், ஆனால் பிப்பெட்டைப் பிடித்தால் ஒரு சொட்டு இங்கே அங்கே போகாது. இப்போது அவனை யாரும் கூப்பிடுவதில்லை. இன்று ஒரு பெண் ஜெல் ஊற்றப் போனாள். இருளப்பன் நான் ஊற்றவா என்று எழுந்தான். வேண்டாம் அண்ணா, நீங்க உட்காருங்க என்றாள், ரொம்ப மரியாதையாக. அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஜூலை 11 அன்று அவனுடைய உதவித்தொகையை ஒரு வருடம் நீட்டிப்பதற்கான குழு கூடுகிறது. அதற்குள் ஒரு முடிவு கையில் இல்லையென்றால் சிபாரிசு செய்ய முடியாது என்று மேடம் சொல்லிவிட்டாராம். குழாய் மாறிப் போயிருக்கும், பழைய புரதத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பாய் என்று மேடம் நினைக்கிறார். அவன் மூன்று தடவை மரபணுவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டான். மாற்றம் இருக்கிறது என்றே பதில் வருகிறது. அப்படியும் மேடம் நம்பவில்லை. அவனே நம்பவில்லை என்று தோன்றுகிறது.

ஜூன் 20, வெள்ளி

கட்டுரைக்கு இரண்டாவது படம் கேட்டார் மேடம். இதே புரதம் மற்ற பாக்டீரியாக்களில் எப்படி இருக்கிறது என்று அடுக்கிக் காட்ட வேண்டும். முக்கியமான இடத்தில் இருக்கும் அமிலத்தை இயற்கை லேசில் மாற்றாது. எங்கே போனாலும் அதுவே இருக்கும். அதனால் எழுபத்திரண்டு எல்லாவற்றிலும் ஆர்ஜினைனாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன்.

ஒன்றில் செரின். அடுத்ததில் அஸ்பராஜின். இன்னொன்றில் அலனின். நூற்றுப் பதினெட்டும் அப்படித்தான், கிடைத்ததைப் போட்டு வைத்திருக்கிறது.

சில குடும்பங்களில் அப்படி இருக்கலாம். அந்தந்த பாக்டீரியா வேறு விதமாகக் கைகோத்துக்கொள்கிறது போலும்.

மடிக்கணினியை மூடிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். ரொம்ப நாளாகப் பரணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இருந்தது. ஏணி போட்டு ஏறி எல்லாவற்றையும் இறக்கினேன். உடைந்த மிக்ஸி ஜாடி இரண்டு, கல்யாணத்தில் வந்த வெள்ளைச் சுவர்க்கடிகாரங்கள், பிரிக்காத ஒரு ஃப்ளாஸ்க், வயிரவன் காலேஜில் போட்ட ஷூ. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். நன்றாகப் பளிச்சென்று வந்தது. முதுகு பிடித்துக்கொண்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஃப்ரிட்ஜ். மசாலா டப்பாக்கள். ஜன்னல் கம்பிகள்.

தீபாவளி முன்னாடியே வந்துவிட்டதா என்று கேட்டார் வயிரவன். வீடு என்றால் சுத்தமாக இருக்க வேண்டாமா என்றேன்.

ஜூன் 25, புதன்

இருளப்பன் என் மேசைக்கு வந்து நின்றான். ஒரு உதவி வேண்டும் என்றான். கணக்கைச் சரிபார்க்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. அவன் கேட்டது வேறு.

"உங்க கணக்குல தப்பு வராதுக்கா. நான்தான் எங்கயோ சொதப்புறேன். எங்கன்னு எனக்கே புரியல. ஒருநாள் மட்டும் கூட நின்னு பாருங்க. நான் செய்யிற தப்பு உங்க கண்ணுக்காவது தெரியும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. பகல் முழுவதும் கூடவே நின்றேன். பாக்டீரியாவை உடைத்தான், சுழற்றினான், வடித்தான். ஒவ்வொரு குழாயிலும் பெயர் எழுதியதைச் செய்வதற்கு முன் ஒருதரம், செய்த பின் ஒருதரம் எனக்கு வாசித்துக் காட்டினான், பள்ளிப் பிள்ளை மாதிரி. கடைசியாகப் புரதத்தைக் குழாயில் ஏற்றினான். அது மணிகளை நிரப்பிய நீளமான கண்ணாடிக் குழாய். பெரிய மூலக்கூறு மணிகளுக்குள் நுழைய முடியாமல் சீக்கிரமே வெளியே வந்துவிடும். சின்னது ஒவ்வொரு மணிக்குள்ளும் புகுந்து புறப்பட்டு மெதுவாக வரும். ஜோடியாக இருந்தால் திரையில் கோடு சீக்கிரமே மேடாக ஏறும், அதை பீக் என்போம்; பிரிந்திருந்தால் தாமதமாக ஏறும்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சீக்கிரமே ஏறியது. அழகான, ஒற்றையான, நேராக நிற்கும் பீக். ஜோடி பிரியவில்லை.

எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக யாரும் வேலை செய்து பார்த்ததில்லை. ஒருவேளை உப்புக் கரைசலில் ஏதாவது இருக்கலாம் என்று சொன்னேன். அவன் அதை உடனே குறித்துக்கொண்டான். பிறகு, உங்கள் ஒரு நாளையும் வீணாக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

ஜூன் 26, வியாழன்

போகவில்லை. தலைவலி.

ஜூன் 30, திங்கள்

திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வயிரவன் கடைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுமை அதிகம். எழுத்து தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று நாளெல்லாம் கேட்டுப் பழக்கம்.

"பத்து நாளா வீடு மின்னுது உமா. இப்படி மின்னினா நீ எதையோ பாக்காம தள்ளிப் போடுறேன்னு அர்த்தம். கல்யாணமான புதுசுல ரிசல்ட் வர்ற வாரம் மொத்த வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சவ நீ."

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். சரி என்று போய்விட்டார். கோபமாக வந்தது. மீதித் திரைச்சீலைகளை வாளியிலேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று பார்த்துவிட்டேன்.

காலையில் யாரும் வருவதற்கு முன் போய் உட்கார்ந்தேன். படிகம் என்பது ஒரே அமைப்பு மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டது. கோப்பில் அதில் ஒரு பங்கை மட்டும்தான் போடுவார்கள், மீதியை அதிலிருந்து கணக்குப் போட்டு வரவழைத்துக்கொள்ளலாம். எங்கள் கோப்பில் இருந்த பங்கு ஏ-யும் பி-யும். போட்டவர்களே இதுதான் ஜோடி என்று குறிப்பிட்டிருந்தார்கள். நான் அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் தொடர்புகளைக் கணக்கிட்டுப் படம் போட்டேன். சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று வரவழைத்துப் பார்க்கவே இல்லை. இந்தத் துறையில் முதல் வருடம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

இன்று வரவழைத்தேன். ஏ-யின் பின்பக்கம் இன்னொரு ஏ நிற்கிறது. நிற்கிறது என்ன, ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகலமான முகம், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்துகிறது, தண்ணீரை வெறுக்கும் லூசின்களும் ஃபீனைல் அலனின்களும் நடுவில் பத்திரமாக மறைந்திருக்கின்றன. தொடர்புகளின் பட்டியல் திரையில் இறங்கிக்கொண்டே போனது. அந்த இடங்களை மற்ற பாக்டீரியாக்களில் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. இதுதான் ஜோடி.

ஏ-யும் பி-யும் வெறுமனே உரசிக்கொண்டு நிற்பவை. காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறுகிற கூட்டத்தில் ஒருத்தர் தோள் இன்னொருத்தர் முகத்தில் இடிக்கிறது, அதற்காக அவர்கள் புருஷன் பெண்டாட்டி ஆகிவிட மாட்டார்கள். எழுபத்திரண்டும் நூற்றுப் பதினெட்டும் அப்படி இடித்துக்கொண்டவர்கள். படிகம் கரைந்து தண்ணீருக்குள் வந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எழுபத்திரண்டை மாற்றினாலும், வெட்டினாலும், எடுத்துக் கடாசினாலும் உண்மையான ஜோடிக்கு ஒன்றும் ஆகாது.

இருளப்பனின் பீக் ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வெட்கமாக இருக்கிறது. உடம்பெல்லாம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும்: பார்த்து முடித்ததும் பயங்கரமாகப் பசித்தது. கேன்டீனில் இரண்டு பொங்கல், ஒரு வடை சாப்பிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

ஜூலை 2, புதன்

முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மேடம் சுருக்கத்தை அனுப்பிவிட்டார். என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது, நீட்டிப்பதும் விடுவதும் அவர் கையில். முதலில் எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்ப்பதுதான் முறை. சரிபார்த்தேன். அதேதான் வந்தது. இருளப்பன் இரண்டு தடவை என் மேசையைத் தாண்டிப் போனான். போன் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டேன்.

திரைச்சீலைகள் வாளியில் நாற ஆரம்பித்துவிட்டன.

ஜூலை 3, வியாழன்

போனதும் அவன் மேசை காலியாக இருந்தது. பிப்பெட்டுகளைத் துடைத்து அந்த ஜெல் ஊற்றுகிற பெண்ணிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். எந்த பிப்பெட் கொஞ்சம் அதிகம் உறிஞ்சும், எதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்ன இதெல்லாம் என்று கேட்டேன். விருதுநகர்ப் பக்கம் அவன் மாமா கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணை வைத்திருக்கிறார், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். குழுவின் முன்னால் போய் நின்று இல்லை என்று சொல்ல வைப்பதைவிடத் தானே போய்விடுவது மரியாதை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள், எத்தனை நாள் இப்படி ஓட்டுவது. மதியம் மேடத்திடம் கடிதம் கொடுக்கப் போகிறான். இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

குளிர் அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். என்னென்னமோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"தப்பு என்னோடது இருளப்பா. நான் பார்த்தது ஜோடியே இல்ல. படிகத்துல பக்கத்துல நின்னது, அவ்வளவுதான். நெஜ ஜோடி அங்கிட்டு, பின்பக்கம் இருக்கு. எழுபத்திரண்டை மாத்தினா எதுவும் பிரியாது. பிரியக் கூடாது."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது.

"அப்ப நான் செஞ்ச புரோட்டீன் சரியாத்தான் இருந்துச்சாக்கா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"மொதத் தடவை செஞ்சதே?"

"மொதத் தடவை செஞ்சதே."

குளிர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான். நான் வெளியே நின்றேன். உள்ளே நாலு டிகிரி, அவன் ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவைத் தட்டலாமா என்று கை வைத்தபோது வெளியே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே குளிர் ஜாஸ்தியாக வைத்திருக்கிறார்கள் என்றான். பையை எடுத்துக்கொண்டு மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, நாளைக்கு வந்து பேசுகிறேன் என்றான்.

எனக்குப் பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவனுக்கு எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்து ஏ-யையும் அதன் பின்னால் நிற்கிற ஏ-யையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். நிறுத்தி, நிதானமாக, ஆங்கிலத்தில் பாதியும் அவர் ஊரான நாசரேத்தின் தமிழில் பாதியுமாக. முதல் வருடப் பிள்ளைகூட இதைச் செய்யாது என்றார். ஒரு பையனின் நாலு மாதம் என்றார். எல்லாம் உண்மை. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். திட்டு வாங்குவது இவ்வளவு சுகமான காரியம் என்று இதுவரை தெரியாது. இனிமேல் வாங்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்ற நிம்மதி.

கடைசியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தை நானும்தானே மாசக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கும்தானே பின்னாடி என்ன இருக்குன்னு கேக்கத் தோணல. அந்தப் பிள்ளையத்தான் கேட்டேன், குழாய் மாறிருச்சான்னு."

இருளப்பனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வந்து நின்றதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்றார். இதுவரை அந்த அறையில் எந்த மாணவனும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு இடத்தை மாற்றியும் ஜோடி பிரியவில்லை என்பதே பெரிய சாட்சி, படிகத்தைப் பார்த்து எல்லோரும் ஏமாந்ததைத் தண்ணீரில் வைத்து நீங்கள் ஒருத்தர்தான் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், கட்டுரையே இனி அதுதான் என்றார். தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

இருளப்பனுக்கு நாற்காலியில் எப்படி உட்காருவது என்றே தெரியவில்லை. நுனியில் உட்கார்ந்திருந்தான்.

ஜூலை 5, சனி

திரைச்சீலைகளை மறுபடி துவைத்தேன். வயிரவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, பரண் சுத்தமானதுதான் மிச்சம் என்றார்.

ஜூலை 11, வெள்ளி

நீட்டித்துவிட்டார்கள். குழுவில் ஒரு பெரியவர் மட்டும், நாலு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம் என்று இழுத்தாராம். நடக்கக் கூடாதது நடக்கவில்லை, அதை ஒருவர் பிடிவாதமாக ஒரே மாதிரி காட்டியிருக்கிறார் என்று மேடம் பதில் சொல்லியிருக்கிறார். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். என் படம் இனி எங்கும் வராது. வருத்தப்படலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

விருதுநகர் மாமாவுக்குத்தான் கோபமாம்.

ஜூலை 16, புதன்

புது இடம் தேர்ந்தெடுத்தோம். இந்தத் தடவை நான் தனியாக அல்ல. இருளப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் வரவழைத்து, ஒவ்வொரு தொடர்பாகக் காட்டினேன். அவன் கேட்ட கேள்விகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. தெரியாது என்று சொன்னேன். சொல்லச் சொல்லச் சுலபமாகிறது. நிஜ ஜோடியின் நடுவில் இருக்கும் ஒரு லூசினை எடுத்துவிட்டு அங்கே எதிர்மின் அமிலம் ஒன்றை வைக்கப்போகிறோம். எண்ணெய்ப் பாத்திரத்துக்குள் தண்ணீர் விடுகிற காரியம். பிரிந்தாக வேண்டும். பிரியாவிட்டால் தப்பு யாருடையது என்று கேட்டான். இரண்டு பேருடையதும் என்றேன். சரி என்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்கு. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய மேடம் திரும்பி வந்துவிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று புதுப் புரதத்தைக் குழாயில் ஏற்றினான். எல்லோரும் வேலை இருக்கிற மாதிரி அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேடம்கூட ஒரு காரணமும் இல்லாமல் வந்து ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

ஜோடி வர வேண்டிய நேரம் வந்தது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஏறவில்லை. பிறகும் ஏறவில்லை. புரதமே கரைந்து போய்விட்டதோ என்று குழாயைக் குனிந்து பார்த்தேன். அப்புறம், நன்றாகத் தாமதமாக, மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஏறி, நின்று, அழகாக இறங்கியது. ஒற்றை ஒற்றையாகப் பிரிந்துவிட்டன.

யாரோ கை தட்டினார்கள். மேடம் இருளப்பனின் தோளில் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அந்த ஜெல் பெண் எல்லோருக்கும் பால்கோவா வாங்கி வந்தாள். நான் துள்ளாத குறை. இருளப்பன் மட்டும் வழக்கம்போலக் குழாயைக் கழுவுவதற்குத் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. பக்கத்தில் போய், என்ன இது, இவ்வளவுதானா சந்தோஷம் என்று கேட்டேன்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்குச் சந்தோஷம் அன்னைக்கே வந்துருச்சுக்கா. குளிர் ரூம் வாசல்ல நீங்க சொன்னீங்கள்ல, அன்னைக்கு. நேரா வீட்டுக்குப் போயி பாப்பாவத் தூக்கினேன். அது பொறந்து ரெண்டரை மாசமாச்சு, அதுவரைக்கும் நான் தூக்கவே இல்ல. தொடுறதெல்லாம் கெட்டுப்போகுது, இதையும் கீழ போட்டுருவேனோன்னு பயம். கைக்கு சுளுக்குன்னு வீட்டுல பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வகம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவன்தான் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். அக்கா, இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சே என்றான். சித்திரையில் குழந்தை பிறந்து அவன் மிட்டாய் கொடுத்தபோது, படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே இடது கையை நீட்டி வாங்கியது நினைவுக்கு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

ஆதிரை என்றான். இப்போதெல்லாம் ராத்திரியில் அவன் தோளில் போட்டால்தான் தூங்குகிறாளாம்.